டிங்கி: இன்றே செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டிங்கி விஷயத்தில் நம் மக்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். கொசு எங்கோ வெளியே, அழுக்குக் கால்வாயில் பிறக்கிறது என்று நினைக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். முதல் தவற்றால் நோய் வீட்டுக்குள் வருகிறது. இரண்டாவது தவறு உயிரையே பறிக்கிறது.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். 2023-இல் 123,133 பேர், நூறு மரணங்கள். ஆண்டுதோறும் மாநிலங்களின் பட்டியலில் முதலில் நிற்பது சிலாங்கூர்தான். கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா என்று வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடமெல்லாம் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடம்.

இதே கிள்ளான் ஒரு காலத்தில் கொசுவை வென்றும் காட்டியது. 1901-இல் இங்கே அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளானிலும் அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா ஆட்களைச் சாய்ப்பதைப் பார்த்தார். சதுப்பு நிலத்தை வடியவைத்து, புதர்களை வெட்ட வைத்தார். சில ஆண்டுகளிலேயே மலேரியா அடங்கியது. அன்றைய கொசு சதுப்பில் பிறந்தது. அரசாங்கம் கால்வாய் வெட்டினால் போதும். இன்றைய ஏடிஸ் உங்கள் குளியலறையில், பூச்சாடியில், வாசல் வாளியில் பிறக்கிறது. அதை அழிக்க உங்களை விட்டால் ஆளில்லை.

செய்ய வேண்டியவை

*வீட்டில்*

1. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, 10 நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்தால் ஒரு கொசுவும் பறக்காது.

2. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். ஆயர் சிலாங்கூர் தண்ணீர்த் தடை அறிவித்தால் வீட்டிலுள்ள வாளி, டிரம் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். தண்ணீர் திரும்பி வந்த பிறகும் அவை அப்படியே நிற்கும். தடை நீங்கிய அன்றே மிச்சத் தண்ணீரைச் செலவழித்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

3. தொட்டியின் உட்சுவரைப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை; தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

4. எறும்பு ஏறாமல் மேசைக் காலுக்கடியில் வைத்த கிண்ணங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்துண்டு போன்ற புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். வெளிச்சம் பட்டதும் நெளிந்துகொண்டு அடியில் இறங்கும். அவைதான் லார்வா. கிண்ணத்தில் உப்பு போடுங்கள் அல்லது தண்ணீருக்குப் பதில் எறும்புப் பவுடர் தூவுங்கள்.

5. சாமி மேடைத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கும்பம், தீர்த்தச் சொம்பு, பூ மிதக்கும் உருளி, துளசி மாடத்தின் அடித்தட்டு ஆகியவற்றில் நாம் பக்தியோடு வைக்கும் தண்ணீரும் கொசுவுக்குத் தண்ணீர்தான்.

6. கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைத் தேடுங்கள். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏர்கான் சொட்டும் வாளி, மணி பிளாண்ட் போத்தல், கூரை ஓரத் தகரக் கால்வாயில் அடைத்த இலை, பயன்படுத்தாத கழிவறை. அதிகம் தப்பிப்பவை இவைதான்.

7. காலி செய்ய முடியாத தண்ணீரில் அபேட் மருந்து போடுங்கள். பாக்கெட்டில் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். அது லார்வாவைக் கொசுவாகும் முன்பே கொல்லும்.

8. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் கைகால் மூடிய உடை போடுங்கள். கொசு விரட்டி பூசுங்கள். ஏடிஸ் அதிகம் கடிப்பது அந்த இரண்டு வேளைகளில். பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கும், மாலையில் கோயிலுக்குப் போகும் பாட்டிக்கும் பூசிவிடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசாமல் வலை போடுங்கள்.

9. தீபாவளிக்கோ விடுமுறைக்கோ ஊருக்குப் போகுமுன் கழிவறை மூடியைச் சாத்துங்கள், வாளிகளைக் கவிழுங்கள். பூட்டிய வீட்டில் ஒரு வாரம் நிற்கும் தண்ணீர், நீங்கள் திரும்பி வரும்போது கொசுவாகி நிற்கும்.

10. உங்கள் தாமானில் காலி வீடு, கைவிட்ட மனை இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ சொல்லுங்கள். உங்கள் வீடு சுத்தமாக இருந்தும் பக்கத்துப் பூட்டிய வீட்டுக் கொசு வேலி தாண்டி வரும். கோத்தோங் ரோயோங் நடந்தால் ஒருவராவது போய்க் கலந்துகொள்ளுங்கள்.

*காய்ச்சல் வந்தால்*

11. கடும் காய்ச்சல் இரண்டாம் நாளும் நீடித்தால் கிளினிக்குப் போங்கள். கண்ணுக்குப் பின்னால் வலி, தலைவலி, மூட்டு வலி, குமட்டல் இருந்தால் "டிங்கியாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். முழு இரத்தப் பரிசோதனையும் டிங்கியைக் கண்டறியும் என்எஸ்1 சோதனையும் செய்யச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வைத்துச் சொன்னால் மருத்துவர் கணக்கிடுவது எளிது.

12. இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை ஒரே கவரில் சேர்த்து வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே மருத்துவருக்கு முக்கியம். அவர் சொன்ன நாளில் தவறாமல் மறுபரிசோதனைக்குப் போங்கள்.

13. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சித் தண்ணீர், இளநீர், பழச்சாறு எல்லாம் நல்லதே. வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உப்புச் சத்தும் வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

14. காய்ச்சல் விட்டபின் 48 மணி நேரம் நோயாளியை விட்டு நகராதீர்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம். அப்போதுதான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறும். இரத்த அழுத்தம் சரியும். இந்த அறிகுறிகளை எழுதிப் பிரிட்ஜில் ஒட்டுங்கள்: கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், மூச்சு வாங்குதல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், காரணமில்லாத பதற்றம், கைகால் சில்லிட்டு வியர்த்தல். ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

15. நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சல் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு, ஒன்றிரண்டு வாரத்தில் அதே வீட்டில் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும்.

16. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 'கியூடெங்கா' தடுப்பூசிக்கு மலேசியாவில் 2024 பிப்ரவரியில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. நான்கு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் போட்டுக்கொள்ளக்கூடாது.

செய்யக்கூடாதவை

*வீட்டில்*

1. 'தெளிந்த தண்ணீர்தானே' என்று விடாதீர்கள். சாக்கடை நாற்றத்தைவிட, சலனமில்லாத தெளிந்த தண்ணீரையே ஏடிஸ் விரும்பும். ஒரு போத்தல் மூடி அளவு தண்ணீர் போதும்.

2. தேங்காய் மூடி, இளநீர்க் கூடு, டயர், ஐஸ்கிரீம் டப்பாவை வெளியே போட்டு வைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு உடைத்த தேங்காயாக இருந்தாலும், விருந்தில் மிஞ்சிய கப்பாக இருந்தாலும் அன்றே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கிள்ளான் மழை எந்த மாலையும் வரும்.

3. லார்வா உள்ள தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அங்கே அது வளர்ந்துவிடலாம். காய்ந்த மண்ணிலோ வெயில் படும் சிமெண்ட் தரையிலோ ஊற்றுங்கள், செத்துவிடும்.

4. புகை அடித்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று இருக்காதீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். வாளியில் இருக்கும் லார்வாவையும் சுவரில் ஒட்டிய முட்டையையும் தொடாது. அடுத்த வாரம் புதிய கொசுக்கள் வரும்.

5. சுகாதார அலுவலரைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். புகை அடிக்கும்போது சாப்பாட்டை மூடி, பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே கூட்டிப்போங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உங்கள் இடத்தில் லார்வா இருந்தால் 500 வெள்ளி கம்பவுண்ட் வரும். அடுத்த வீட்டுக்காரரைக் காட்டித் தப்ப முடியாது.

6. 'எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, இனி வராது' என்று நம்பாதீர்கள். டிங்கி வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தவருக்கு மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வருவது கடுமையாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

*காய்ச்சல் வந்தால்*

7. ஆஸ்பிரின், ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். இவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். உடம்பு வலிக்கு என்று பக்கத்து வீட்டார் தரும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதை அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

8. பெனடோலை (பாரசிட்டமால்) அளவுமீறிப் போடாதீர்கள். காய்ச்சலுக்கு அதுதான் சரியான மருந்து. ஆனால் பெரியவருக்கும் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள். பல ஃபுளூ மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கிறது. சேர்த்துப் போட்டால் கல்லீரல் கெடும். பிள்ளைகளுக்கு எடையைச் சொல்லி அளவு கேளுங்கள்.

9. 'ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்' என்று வற்புறுத்தாதீர்கள். தட்டணு (பிளேட்லெட்) குறைந்த உடம்பில் தசையில் போடும் ஊசி உள்ளே இரத்தம் கட்ட வைக்கும்.

10. பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள். அது தட்டணுவை ஏற்றுமா என்று மலேசியாவிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இரத்த நீர் கசிவதை அது நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. வாந்தி வரும் நோயாளிக்குக் கசப்புச் சாற்றைத் திணித்தால், உள்ளே போன நீரும் வெளியே வந்துவிடும்.

11. என்எஸ்1 'நெகட்டிவ்' என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். முதல் ஐந்து நாட்களில்தான் அது நன்றாகக் காட்டும். அப்போதும் சிலருக்குத் தவறலாம். காய்ச்சல் நீடித்தால் மறுபடி பரிசோதியுங்கள்.

12. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கேட்பது 'பிளேட்லெட் எத்தனை?' என்றுதான். சீட்டில் 'ஹெமட்டோகிரிட்' என்ற வரியையும் பாருங்கள். தட்டணு இறங்க, ஹெமட்டோகிரிட் ஏறினால் இரத்தம் கெட்டியாகிறது, நீர் கசிகிறது என்று பொருள். அதைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

13. காய்ச்சல் விட்ட மறுநாளே ஷிப்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகலாம். அந்த ஒரு நாள்தான் ஆபத்தான நாளாகவும் இருக்கலாம். எம்சி கேட்டு வாங்குங்கள்.

14. 'விடியட்டும், பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். ஆபத்து அறிகுறி நள்ளிரவில் தெரிந்தால் நள்ளிரவிலேயே கிளம்புங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ உங்களுக்குப் பக்கத்திலுள்ள வேறு மருத்துவமனைக்கோ போங்கள். டிங்கியில் சரியான நேரத்தில் ஏற்றும் சலைன் உயிரைக் காப்பாற்றும். சில மணி நேரத் தாமதம் அந்த வாய்ப்பைப் பறித்துவிடும்.

உங்கள் வீட்டில் இன்று யாருக்காவது இரண்டாம் நாளும் கடும் காய்ச்சல் என்றால், படித்தது போதும், கிளினிக்குக் கிளம்புங்கள். எல்லாரும் நலமாக இருந்தால், இருட்டுவதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறையிலிருந்து வாசல்வரை ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் தேங்கிய ஒன்றையாவது கண்டுபிடிப்பீர்கள். அதைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, இந்தப் பட்டியலைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.