ஓநாய் கொன்றதா, செத்ததைத் தின்றதா?

எமது நாட்டில் ஓநாய் இல்லை. ஆனாலும் பட்டியில் ஒரு கன்று குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணையாளர்கள் இந்த இழப்பை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

அங்கே ஒரு காலத்தில் அரசாங்கமே வேட்டைக்காரரை வைத்து ஓநாய்களைக் கொன்றது. யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926 அளவில் அவை அற்றுப்போயின. அதன்பின் எல்க் என்னும் பெரிய மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்த்தன. எனவே 1995, 1996 ஆம் ஆண்டுகளில் கனடாவில் பிடித்த ஓநாய்களில் 31 யெலோஸ்டோனிலும் 35 ஐடஹோ மாநிலத்திலும் விடப்பட்டன. ஓநாய்க்குப் பூங்காவின் எல்லை தெரியாது. சில காலத்தில் அவை பண்ணைகளுக்கும் வந்தன.

கொலராடோ மாநிலத்தில் 2020 இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஓநாயைக் கொண்டுவர வேண்டும் என்ற பக்கம் மயிரிழையில் வென்றது. வாக்கு பெரும்பாலும் நகரங்களிலிருந்து வந்தது. ஓநாய் போனதோ எதிர்த்து வாக்களித்த மலைப்பகுதிக்கு. பண்ணையாளரின் கோபத்தில் நியாயம் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

கால்நடை செத்துக் கிடந்தால் முதலில் எழும் கேள்வி, ஓநாய் அதைக் கொன்றதா, செத்ததைத் தின்றதா என்பதே. நட்டஈடு இதில்தான் தங்கியிருக்கிறது. பண்ணையாளர் உடலைப் படங்கினால் மூடி, நாய்களை அண்டவிடாமல், சுற்றியுள்ள காலடித் தடங்களை மிதிக்காமல் வைத்து, அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும். அதிகாரி தோலை உரித்துப் பார்ப்பார். உயிரோடு இருக்கையில் கடிபட்டிருந்தால் தோலின் கீழ் இரத்தம் கசிந்து கன்றிப்போயிருக்கும். இறந்தபின் கடித்த இடத்தில் அந்தக் கன்றல் இராது. இரண்டு நாள் வெயிலில் கிடந்து கழுகும் நரியும் கிழித்த உடலிலே எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. காணாமற்போன கன்றுக்கோ காட்ட உடலே இல்லை.

1987 முதல் 2010 வரை டிபென்டர்ஸ் ஒப் வைல்ட்லைப் என்னும் தனியார் அமைப்பு நட்டஈடு வழங்கியது. பின்னர் அப்பொறுப்பு மாநில அரசுகளுக்குச் சென்றது. கொலராடோவில் ஒரு கால்நடைக்கு 15,000 டொலர் வரை கிடைக்கும். ஓநாய்க்கு மிரண்டு மேயாமல் மெலிந்த மாட்டுக்கும், சினைப்படாத பசுவுக்கும்கூடக் கேட்கலாம். ஆனால் முந்திய ஆண்டுகளின் எடைக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கொப்பியில் எழுதி வைக்காதவர் இந்த இடத்தில் தோற்றுவிடுகிறார்.

அதே மாநிலத்தில் 2024 இல் கால்நடைகளைக் கொன்ற ஒரு கூட்டத்தை அதிகாரிகள் சுடாமல் பிடித்து அடைத்தார்கள். ஆண் ஓநாய் அடைப்பிலேயே இறந்தது. தாயையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில் வேறிடத்தில் விட்டார்கள். இளவேனிலில் அந்தக் கூட்டம் மீண்டும் கன்றுகளைக் கொன்றது. மே மாத இறுதியில் அதிலிருந்த ஓர் இளம் ஆண் ஓநாயைச் சுட நேர்ந்தது.

தடுப்பதே மலிவு என்று சொல்வார்கள். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். செத்த மாட்டை மேய்ச்சல் நிலத்தில் விடாமல் அகற்றுவது முதல் வேலை, ஏனெனில் அந்த வாடைக்கே ஓநாய் வரும். கயிற்றில் சிவப்புத் துணித்துண்டுகளைத் தொங்கவிட்டுப் பட்டியைச் சுற்றிக் கட்டுவது கிழக்கு ஐரோப்பாவின் பழைய முறை. ஆடும் துணியைக் கண்டு ஓநாய் தயங்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அது பழகிவிடும். ஆகவே கன்று ஈனும் காலம் போன்ற ஆபத்தான வாரங்களுக்கே அதைக் கட்ட வேண்டும். காவல் நாய்கள் நல்ல துணை. ஒரு நாய் போதாது, அதையே ஓநாய்கள் கொன்றுவிடும்.

ஐடஹோவின் வூட் ரிவர் பகுதியில் செம்மறி மேய்ப்போர் 2008 முதல் ஏழு ஆண்டுகள் இம்முறைகளை மாற்றி மாற்றிக் கையாண்டார்கள். இரவில் மந்தையோடு ஆட்கள் தங்கினார்கள், விளக்கும் ஓசையும் பயன்படுத்தினார்கள். அயலில் இவ்வாறு காக்கப்படாத நிலத்தில் ஓநாயால் ஏற்பட்ட ஆட்டிழப்பு, இங்கு ஏற்பட்டதைப்போல் மூன்றரை மடங்காக இருந்தது.