கரை சேருமுன் எழும்பலாமா?

கேள்வி: படகுப் பாதையில் துறையைக் கடக்கும்போது, கரை கிட்டினதும் எல்லாரும் முன்பக்கம் முண்டியடிக்கிறார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்றால் முறைக்கிறார்கள். நான் சொல்வது பிழையா?
– வாசகி ஒருவர், குறிஞ்சாக்கேணி

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

2021 நவம்பர் 23 காலையில் உங்கள் துறையில் படகுப் பாதை கவிழ்ந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளையும் தண்ணீர் கொண்டுபோனது. அந்தப் பழியைப் பயணிகள் மேல் போட நான் தயாரில்லை; பாலம் இல்லாத இடத்தில் அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? ஆனால் ஆட்கள் ஒரு பக்கம் ஒதுங்கினால் பாரமும் அந்தப் பக்கம் சாயும். எழும்பி நின்றால் ஆட்டம் இன்னும் கூடும்.

முண்டியடித்தால் நேரமாவது மிஞ்சுமா? லண்டன் ஹோல்போர்ன் சுரங்க ரயில் நிலையத்தில் 2015இல் நகரும் படிகளில் ஒருவரையும் ஏறி நடக்கவிடாமல், இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் முன்பைவிடக் கூடுதலான ஆட்கள் மேலே வந்து சேர்ந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஏறும்போதே ஓட்டுகிறவரிடம், "கயிறு கட்டினதும் நீங்களே இறங்கச் சொல்லுங்க" என்று கேட்டுவையுங்கள். அவர் வாயால் வந்தால் ஒருவரும் முறைக்கமாட்டார்கள். பிள்ளைகளை நடுவில் இருத்துங்கள். புத்தகப்பையை முதுகிலிருந்து கழற்றி மடியில் வைக்கச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

ஆட்கள் கூடிவிட்டதாகப் பட்டால் ஏறவே வேண்டாம். அடுத்த தடவைக்கு நில்லுங்கள், தங்கச்சி.