வீட்டுக் கணினியும் வைரஸ்களும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் ‘ரான்சம்வெயார்’ வகை வைரஸ் ஒன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிப்புற்றன. சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காரணங்கள் இரண்டு. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. மற்றையது, இணைப்பில் இருந்த காப்புப்பிரதியும் மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

இவ்விரண்டு குறைகளும் நம் வீட்டுக் கணினியிலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இயலுமான கணினியை 11க்கு மாற்றுவது நல்லது. ‘அப்டேட்’ கேட்கும்போது “பிறகு” என்று தள்ளிப்போடும் பழக்கம் பெற்றோரிடம்தான் அதிகம். டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானதே. எனினும் திருத்தப்படாத ஓட்டை வழியாகத்தான் வைரஸ் நுழைகிறது.

மாணவிகளாகிய நாம் அதிகம் சந்திப்பது பென் டிரைவ் வைரஸை. கண்டி நகரிலோ அக்குறணையிலோ ஒரு கொமியூனிகேஷனில் செயற்றிட்டத்தை அச்செடுக்கக் கொடுக்கிறோம். அன்று எத்தனையோ பேரின் பென் டிரைவ் செருகப்பட்ட கணினி அது. வீட்டில் திறந்தால் கோப்புறைகள் இருந்த இடத்தில் சிறிய அம்புக்குறி இட்ட குறுக்குவழிகள் நிற்கும். அதை அழுத்தினால் வைரஸ் இயங்கும். கூடவே கோப்புறையும் திறப்பதால் சந்தேகமே எழாது. அசல் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை, மறைக்கப்பட்டே இருக்கும். ஆகவே பதறிப்போய் ‘போமட்’ செய்துவிடாதீர்கள். விண்டோஸுடனேயே வரும் ‘டிபெண்டர்’ மூலம் முதலில் பரிசோதியுங்கள். பின்னர் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, உங்களுடையதை மட்டும் பிரதி எடுங்கள். இதைவிட எளிது, பென் டிரைவ் கொண்டுபோகாமல் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பி அச்செடுப்பது.

இது பழைய வித்தைதான். 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ் பிளொப்பித் தட்டுகளில் பரவியது. அவர்கள் தம் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அதற்குள் எழுதிவைத்திருந்தார்கள்! இன்றைய வைரஸ்காரர்கள் முகவரி தருவதில்லை.

பணம் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளுக்கு இலவச ‘கிராக்’ தேடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். “வைரஸ் காவலை நிறுத்திவிட்டு நிறுவுங்கள்” என்றே அது சொல்லும். காவற்காரனை அனுப்பிவிட்டு வாசலைத் திறக்கச் சொல்பவனை யார் நம்புவார்? கணினியில் கோப்புப் பெயரின் பின்னொட்டு தெரியும்படி வையுங்கள். வினாத்தாள் என்று வந்தது ‘.எக்ஸ்இ’ என முடிந்தால் அது வினாத்தாள் அல்ல. பிள்ளைகளுக்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ அல்லாத சாதாரண கணக்கைப் பெற்றோர் திறந்து கொடுக்கலாம்.

வாரம் ஒருமுறை செயற்றிட்டம், குறிப்புகள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டில் பிரதி செய்து, உடனே கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அரசுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். திரையில் கப்பம் கேட்கும் செய்தி தோன்றினால் பணம் செலுத்தாமல் இணைய இணைப்பைத் துண்டித்து, 101 என்ற இலக்கத்தில் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை அழைக்கலாம்.