ஒரு கணினி, மூன்று பயனர்கள்

புக்கிட் ரோத்தானில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே கணினி. அப்பா, அண்ணன், தங்கை மூவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அண்ணன் தன் கணக்கில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டான். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட விசைமுகம் அது. ஆனால், தங்கை கட்டுரை தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் ஆங்கில எழுத்துகளே வருகின்றன. நாளைக் காலையில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை!

கணினி பழுதாகவில்லை. விண்டோஸில் விசைப்பலகைத் தேர்வு அவரவர் கணக்கைச் சார்ந்தது. நிர்வாகி தம் மொழி அமைப்பைப் புதிய கணக்குகளுக்கும் படியெடுத்து வைக்கலாம். எனினும், அதன்பின் திறக்கப்படும் கணக்குகளுக்கே அது பொருந்தும். முன்பே கணக்கு வைத்திருக்கும் தங்கை, தமிழ் விசைப்பலகையைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முகப்புத்திரையின் நிலை வேறு. ‘பப்ளிக் டெஸ்க்டாப்’ என்னும் கோப்புறை ஒன்று உண்டு. வழக்கமாக அது கண்ணுக்குப் புலப்படாது. நிர்வாகி அதில் அகராதிக்கான குறுக்குவழியை வைத்தால், பழைய கணக்கு, புதிய கணக்கு என்ற வேறுபாடின்றி அனைவரின் திரையிலும் அது தோன்றும். நிர்வாகியின் அனுமதியின்றி மற்றவர் அதை நீக்கவும் இயலாது.

அங்கே எதை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அப்பாவின் சம்பளச் சீட்டு அந்தக் கோப்புறைக்குள் போய்விட்டால், பிள்ளைகளின் திரையிலும் அது வந்து நிற்கும்.