சைக்கிளின் கழுத்தைக் கவனியுங்கள்

தோட்டச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன. ஆயினும், பள்ளிக்கும் கடைக்கும் சென்றுவர மிதிவண்டியையே நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. டயரையும் பிரேக்கையும் கவனிப்போர் பலர். சைக்கிளின் கழுத்தைக் கவனிப்போர் சிலரே. செம்மண் மேட்டிலிருந்து இறங்கும் பிள்ளையின் பாதுகாப்பு அக்கழுத்திலும் அடங்கியுள்ளது.

கழுத்து என்பது யாது?

சைக்கிள் சட்டத்தின் முன்புறத்தில் குட்டையான குழாய் ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அதனுள்ளே நுழைந்து நிற்கிறது. அக்குழாயின் மேலும் கீழும் இரு கிண்ணங்களும், அவற்றில் உருளும் சிறு இரும்புக் குண்டுகளும் இருக்கின்றன. இத்தொகுதியையே கடைக்காரர்கள் 'ஹெட்செட்' என்பர். சாலையின் அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்குவது கீழ்க்கிண்ணமே. எனவே அதுவே முதலில் தேயும்.

தளர்வும் தவறு, இறுக்கமும் தவறு

கழுத்து தளர்ந்தால், ஒவ்வொரு கல்லிலும் குண்டுகள் கிண்ணத்தை இடித்துக் குழியாக்கும். பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி ஆடும். அளவுக்கு மீறி இறுகினாலோ கைப்பிடி தாராளமாகத் திரும்பாது. ஓடும் சைக்கிள் விழாமல் நிற்பதற்குக் கைப்பிடி இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். அது தடைபட்டால் வண்டி தள்ளாடும்.

இரண்டு சோதனைகள்

1. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்றொரு கையின் விரலைக் கீழ்க்கிண்ணமும் ஃபோர்க்கும் சேருமிடத்தில் வையுங்கள். 'டக்' என்று இடித்தால் கழுத்து தளர்ந்துள்ளது.

2. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். கடினமாகத் திரும்பினால் இறுக்கம் மிகுதி. நடுவில் மட்டும் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கிண்ணம் குழி விழுந்துவிட்டது, புதியது மாற்றவேண்டும்.

சரிசெய்யும் முறை

மேலேயுள்ள பூட்டு நட்டை முதலில் தளர்த்துங்கள். அதன் கீழேயுள்ள மேல்கிண்ணத்தைக் கையால் திருகி, ஆட்டம் நின்றவுடன் நிறுத்துங்கள். பின்னர் ஒரு ஸ்பேனரால் கிண்ணத்தை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் பூட்டு நட்டை நன்கு முடுக்குங்கள். நட்டை முடுக்கும்போது கிண்ணம் சற்றே அழுந்துவது இயல்பு. ஆதலால் இரு சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றால்தான் சரியான நிலை கிட்டும். கைப்பிடியின் உச்சியில் ஆலன் சாவியால் திருகும் புதிய வகைக்கு இம்முறை பொருந்தாது.

கழற்றினால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதிய கிரீஸ் தடவுங்கள். குண்டுகளை எண்ணி வையுங்கள். கூட்டில் கோக்காத தனிக் குண்டுகளாயின், நெருக்கி அடைக்காமல் ஒரு குண்டளவு இடம் விடுங்கள்.

புதியது வாங்கும்போது

எல்லா ஹெட்செட்டும் எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தா. தண்டு ஓர் அங்குல வகையாக இருப்பினும், ஃபோர்க்கின் அடியில் அமரும் வளையத்தின் அளவு சிலவற்றில் 26.4 மில்லிமீட்டர், வேறு சிலவற்றில் 27 மில்லிமீட்டர். மரையிலும் வேறுபாடு உண்டு: பலவற்றில் அங்குலத்திற்கு 24 மரை; பழைய ராலே சைக்கிள்களில் 26. பொருந்தாததைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் சட்டமே கெடும். எனவே பழைய தொகுதியைக் கழற்றிக் கையோடு கொண்டுசென்று, ஒப்பிட்டு வாங்குக.

மாதத்திற்கு ஒருமுறை இவ்விரு சோதனைகளையும் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். சோதிக்கும்போது பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் கற்பியுங்கள். தம் சைக்கிளைத் தாமே பேணும் பழக்கம் அவர்களுக்கு அமையும்.