கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

செண்பகத்தோப்பு குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னாங்க: "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஆனா பிஸ்கட் கவர் சத்தம் கேட்டா ஓடி வருவான்." அப்போ காது அறவே கேட்காதுன்னு சொல்ல முடியாது, ஆனா காதில் குறையே இல்லைன்னும் முடிவு பண்ண முடியாது. ஆட்டிசமாக இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். விரல் நீட்டிக் காட்டாதது, பேசின சொல்லையும் மறந்துவிடுவது, வண்டிச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது இதெல்லாம் அடையாளம். சாமி குத்தமும் இல்லை, தாய் வளர்ப்பும் காரணமில்லை.

1995-ம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேரே கிடையாது. 2016 சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 6 வயது முதல் 18 வரை இலவசப் படிப்பும் அதில் உரிமை. ஆகவே பள்ளியில் "இவனை வெச்சுக்க முடியாது" என்றால் சும்மா திரும்பி வராதீங்க.

சின்னப் பிள்ளை என்றால், அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டு வையுங்க. பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்துக்குப் போங்க. அங்கே சிறப்பு ஆசிரியர் உண்டு. வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவாங்க.

அடையாள அட்டைக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீஸிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அலைச்சல் ஒரு நாளில் தீராது, கூலியும் போகும். அட்டை இருந்தால் சாதா டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போறவருக்கும் டிக்கெட் இல்லை. நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் வரை, பயிற்சிச் செலவும் சேர்த்துக் கிடைக்கும். முதல் தடவை போகும்போது குழுவில் ஒருத்தர் துணைக்குப் போகணும் என்று அன்றைக்கே தீர்மானம் எழுதினோம்.