கறிவேப்பிலையும் வெள்ளித் துகளும்



காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை வெள்ளாமை அதிகம். எங்க தோட்டத்திலும் அதுதான். பூச்சிமருந்தின் மிச்சம் இருந்ததால், 2010-களில் ஐரோப்பிய நாடுகள் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதலாகச் சோதிக்க ஆரம்பித்தன. வரம்பு எதுவும் தனியாகக் குறிக்கப்படாத மருந்துக்கு அங்கே அனுமதி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு டன் இலையில் வெறும் 10 மில்லிகிராம்! இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுங்களா?

இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. இலையை அரைத்து, மருந்தைப் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராபி கருவியில் சோதிப்பார்கள். ரொம்பத் துல்லியம். ஆனால் நேரமும் செலவும் ஆகும். பறித்த இலை அதுவரைக்கும் வாடாமல் இருக்குமா?

ராமன் காட்டிய வழி

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 28.2.1928 அன்று கல்கத்தாவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே நிற ஒளியை ஒரு பொருள் மேல் விட்டால், சிதறும் ஒளியில் துளிப் பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. நம்ம கைரேகை மாதிரி! இதற்காக 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே சிக்கல், நிறம் மாறுவது சுமார் ஒரு கோடி போட்டானில் ஒன்றுதான்.

நானோவின் வேலை

ஒரு மீட்டரை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்மேல் ஒளி பட்டால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றாக ஆடும். துகள்களுக்கு நடுவே சிக்கிய மூலக்கூறின் ராமன் ஒளி பல லட்சம் மடங்கு கூடும். நம்ம லேபில் இருக்கும் சில்வர் நைட்ரேட்டிலிருந்தே இந்தத் துகளைத் தயாரிக்கலாம்.

2010-ல் சீன விஞ்ஞானிகள், சிலிக்கா உறை போட்ட தங்கத் துகளைத் தூவி, ஆரஞ்சுத் தோலில் இருந்த பாரத்தியான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். தோலை அரைக்கவே இல்லை!

குறையும் உண்டு

இலையின் பச்சையம் தானே ஒளிர்ந்து குழப்பும். சில மருந்துகள் வெள்ளியில் ஒட்டாது. இலைக்குள் ஊடுருவிய மருந்து மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அதனால் இது முதல் சல்லடைதான். முடிவான தீர்ப்பை ஆய்வகம்தான் சொல்லணும்.

இருந்தாலும், பறிக்கும் முன்பே தோட்டத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது! ஏற்றுமதியாகும் இலைக்குச் சோதனை உண்டு. நம்ம ரசத்தில் விழும் ஒவ்வொரு கொத்தையும் யார் சோதிக்கிறார்கள்? அந்தக் கருவி வரும்வரை, மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்பதை வீட்டில் கேளுங்க. அதைக் கேட்க லேசர் தேவையில்லை!

— பிளஸ் 1 மாணவி, அறிவியல் பிரிவு